பழத்தைக் காக்கும் பூஞ்சை: இயற்கை என்பதே சான்றிதழ் ஆகுமா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்ட்ரோபெல் என்ற தாவர நோயியல் பேராசிரியரின் ஆய்வகத்துக்கு 1990களின் கடைசியில் ஒரு தொல்லை வந்தது. கண்ணுக்கு எளிதில் தென்படாத நுண்ணிய உண்ணிகள் புகுந்துவிட்டன. பூஞ்சை வளர்க்கும் கண்ணாடித் தட்டு ஒன்றில் மேய்ந்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போகும்போது, இவை பூஞ்சை வித்துகளையும் உடம்பில் ஒட்டிக்கொண்டு போகும். ஒரு தட்டில் வளர்ப்பது இன்னொரு தட்டில் கலந்துவிட்டால் மாதக்கணக்கான உழைப்பு வீண். அதனால் தட்டுகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். சில நாள் கழித்துத் திறந்தால், ஒரே ஒரு பூஞ்சை மட்டும் செழித்து நின்றது. கூட இருந்தவற்றில் ஏறக்குறைய அத்தனையும் வளர்ச்சி நின்று கிடந்தன. தட்டுகள் ஒன்றையொன்று தொடவில்லை. அவற்றுக்கிடையே இருந்தது காற்று மட்டும்தான்.

அந்தக் காற்றில்தான் விஷயம் இருந்தது. செழித்து நின்ற பூஞ்சை, ஹோண்டுராஸ் நாட்டின் கரீபியக் கடற்கரையை ஒட்டிய லான்செட்டியா தாவரவியல் தோட்டத்தில், ஒரு இலவங்கப்பட்டை மரத்தின் கிளைக்குள் குடியிருந்தது. மரத்துக்குக் கேடு செய்யாமல் அதன் திசுக்களுக்குள்ளேயே வாழும் இத்தகைய பூஞ்சைகளை அகவாழ் பூஞ்சைகள் என்கிறார்கள். இலங்கையைத் தாயகமாகக் கொண்ட மரம் கடல் கடந்து போய், வாழை வணிகத்துக்குப் பெயர்போன அமெரிக்க நிறுவனமான யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி 1920களில் தொடங்கிய தோட்டத்தில் வேர்விட்டு, அங்கிருந்து ஒரு கிளைத்துண்டாக மொன்டானாவுக்கு வந்திருக்கிறது. 2001இல் இந்தப் பூஞ்சைக்கு மஸ்கோடார் ஆல்பஸ் என்று பெயர் சூட்டி, புதிய பேரினமாகவே அறிவித்தார்கள்.

அறுவடைக்குப் பின் அழுகிப்போகும் பழத்தையும் காயையும் இந்த ஆவியைக் கொண்டு காப்பாற்றலாம் என்ற எண்ணம் அப்போதே பிறந்துவிட்டது. கால் நூற்றாண்டு ஓடிவிட்ட பிறகு அந்த எண்ணத்தின் கதையைப் புரட்டினால், மருந்தில்லா உணவு, ரசாயனமில்லாப் பாதுகாப்பு என்று நாள்தோறும் பேசும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பொருள் இயற்கையில் கிடைத்தது என்பது அதன் பிறப்பிடத்தைத்தான் சொல்லும். அது பாதுகாப்பானதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

பழம் எப்படி அழுகுகிறது?

அறுத்த பழம் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது, சர்க்கரையைச் செலவழிக்கிறது, மெல்ல மெல்லத் தளர்கிறது. தோல் முழுதாக இருக்கும்வரை பெரும்பாலான பூஞ்சைகளுக்கு உள்ளே நுழைய வழியில்லை. நகம் பட்ட கீறல், கூடையின் முனை குத்திய இடம், காம்பு பிய்ந்த வாய் என்று ஏதாவது ஒரு திறப்பு போதும். எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் பச்சைப் பூசணத்தை உண்டாக்கும் பென்சிலியம் டிஜிடேட்டம் அப்படிப்பட்ட காயத்துக்காகக் காத்திருக்கும் பூஞ்சை. காயத்தைச் சுற்றி முதலில் நீர் கோத்தாற்போல ஒரு மென்மை. அதன்மேல் வெள்ளைப் படலம். பிறகு நடுவிலிருந்து ஆலிவ் பச்சைப் பொடி. அந்தப் பொடி முழுவதும் வித்துகள். அழுகிய ஒரு பழத்தைக் கையில் எடுத்தாலே கோடிக்கணக்கான வித்துகள் காற்றில் பறந்து பக்கத்துப் பெட்டிகளில் உட்கார்ந்துவிடும். திராட்சைக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் சாம்பல் பூசணம், ஆப்பிளுக்கு நீலப் பூசணம், மாம்பழத்துக்கும் வாழைக்கும் கருப்புப் புள்ளிகளாகத் தொடங்கும் ஆந்த்ராக்னோஸ், மாம்பழத்தின் காம்படியிலிருந்து இறங்கும் காம்பழுகல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எதிரி உண்டு.

இழப்பின் அளவு சிறியதல்ல. அறுவடைக்குப் பிறகு, சில்லறைக் கடைக்கு வந்து சேருவதற்கு முன்பே உலக உணவில் சுமார் 14 சதவீதம் இழக்கப்படுவதாக ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2019இல் கணித்தது. இந்தியாவில் நாப்கான்ஸ் நிறுவனம் நடத்தி 2022இல் வெளிவந்த ஆய்வின்படி பழங்களில் 6.02 முதல் 15.05 சதவீதம் வரையும், காய்களில் 4.87 முதல் 11.61 சதவீதம் வரையும் இழப்பு. பழத்தில் கொய்யாவும் காயில் தக்காளியும் முதலிடம். இந்த இழப்பு முழுவதும் பூஞ்சையால் வருவதல்ல. நசுங்கல், வதங்கல், அடுக்குவதிலும் ஏற்றி இறக்குவதிலும் உள்ள அலட்சியம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் நசுங்கிய இடத்தில் முதலில் குடியேறுவது பூஞ்சைதான்.

இதற்கு இதுவரை உள்ள மருந்துகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, இமசாலில், தயபெண்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளில் பழத்தை நனைப்பது அல்லது மெழுகோடு சேர்த்துப் பூசுவது. கலிஃபோர்னியாவின் எலுமிச்சைக் கூடங்களில் ஆண்டுக்கணக்காக இதே மருந்துகளைப் பயன்படுத்தியதில், அவற்றுக்கு அசையாத பச்சைப் பூசணம் உருவாகிவிட்டது. தவிர, நனைத்தால் கெட்டுவிடும் திராட்சைக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் இந்த வழி உதவாது. இரண்டாவது, புகைமூட்டம். ஏற்றுமதித் திராட்சைப் பெட்டியைத் திறந்தவர்களுக்கு இது பழக்கம்: கொத்துகளின் மேல் விரித்திருக்கும் ஒரு மெல்லிய தாள். அதன் சிறு அறைகளுக்குள் சோடியம் மெட்டாபைசல்பைட் தூள். பெட்டிக்குள் உள்ள ஈரம் பட்டதும் அது மெல்லக் கந்தக டை ஆக்சைடை விடும். சாம்பல் பூசணம் அடங்கும். அளவு மிஞ்சினால் காம்பைச் சுற்றிய தோல் வெளிறி, பழத்தில் மயிரிழை வெடிப்பு விழும், வாயில் கந்தக நெடி அடிக்கும். சல்பைட் ஒவ்வாத ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆபத்து. பச்சையாக உண்ணும் பழம், காய்களில் சல்பைட் சேர்ப்பதை அமெரிக்கா 1986இல் தடை செய்தது. திராட்சையில் அதன் எச்சத்துக்கு 10 பிபிஎம் உச்சவரம்பு வைத்தது. இயற்கை வேளாண் சான்று பெற்ற திராட்சைக்கு இந்தத் தாளையே பயன்படுத்த முடியாது.

ஆக, நனைக்காமல், தொடாமல், எச்சம் வைக்காமல் காற்றிலேயே வேலை செய்யும் ஒரு மருந்துக்கு உலகம் காத்திருந்தது. அந்த இடத்தில்தான் மொன்டானாவின் பெட்டி திறந்தது.

தொடாமல் கொல்லும் வித்தை

மஸ்கோடார் விடும் ஆவியைப் பிரித்துப் பார்த்தபோது 28 சேர்மங்கள் கிடைத்தன. ஆல்கஹால்கள், எஸ்டர்கள், கீட்டோன்கள், அமிலங்கள், கொழுப்புப் பொருள்கள் என்று ஐந்து வகை. அவற்றில் வலுவான வகை எஸ்டர்கள். அவற்றிலும் முன்னணியில் நிற்பது ஐசோஅமைல் அசிடேட். வாழைப்பழ மிட்டாயில் வாசத்துக்குச் சேர்க்கும் அதே பொருள்தான் அது. தனித்தனியாக எடுத்துச் சோதித்தால் எந்தச் சேர்மமும் பூஞ்சையை முழுதாகக் கொல்லவில்லை. கூட்டாகச் சேர்ந்தபோதுதான் கொன்றது. இந்தக் கூட்டணிதான் ஆய்வாளர்களைக் கவர்ந்தது. ஒற்றை மருந்தை எதிர்க்க ஒரு பூஞ்சைக்கு ஒரு மரபணு மாற்றம் போதும். பல முனைத் தாக்குதலை அப்படி எளிதில் சமாளிக்க முடியாது.

அடுத்த சில ஆண்டுகளில் சோதனைகள் வரிசைகட்டி வந்தன. ஜூலியன் மெர்சியரும் ஹோர்ஹே ஹிமேனெஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிளில் வேண்டுமென்றே காயம் உண்டாக்கி நீலப் பூசணத்தையும் சாம்பல் பூசணத்தையும் ஏற்றினார்கள். பிறகு தானியத்தில் வளர்த்த மஸ்கோடாரோடு ஒரே மூடிய இடத்தில், பழத்தின் மேல் படாமல், ஏழு நாள் வைத்தார்கள். இரண்டு அழுகலும் முழுக்கக் கட்டுப்பட்டன. பீச் பழத்தின் பழுப்பு அழுகலுக்கு ஒன்றிலிருந்து மூன்று நாளே போதுமாக இருந்தது. 2005இல் மெர்சியர், அமெரிக்க வேளாண்துறையின் ஜோசஃப் ஸ்மிலானிக்கோடு சேர்ந்து எலுமிச்சைக்கு வந்தார். பச்சைப் பூசணத்தில் தொற்று ஏறி ஒரு நாள் கழித்து ஆவியைக் கொடுத்தாலும் பலன் இருந்தது. எலுமிச்சையைத் தாக்கும் இன்னொரு அழுகலான புளிப்பழுகலில் அப்படி இல்லை. தொற்று ஏறிய உடனே கொடுத்தால்தான் உண்டு. அதற்கடுத்த ஆண்டு திராட்சை. உருளைக்கிழங்கு அந்துப்பூச்சிக்குக்கூட இதைப் பரிசோதித்தார்கள்.

செய்முறை எளிது. வேகவைத்துக் கிருமி நீக்கிய ரை தானியத்தில் பூஞ்சையை வளர்க்கிறார்கள். ஒவ்வொரு மணியையும் வெள்ளை நூலிழை போர்த்திக்கொள்ளும். அப்படியே உலர்த்திவிட்டால் பூஞ்சை உறங்கிப்போகும். தேவைப்படும்போது தண்ணீர் தெளித்தால் விழித்துக்கொண்டு ஆவி விடத் தொடங்கும். தானியத்தைக் காற்றுப் புகும் சிறு பையில் கட்டிப் பழப்பெட்டிக்குள் போடலாம். தட்டில் பரப்பி அறைக்குள் வைக்கலாம். இந்தப் பூஞ்சை வித்து உண்டாக்குவதில்லை என்பது கூடுதல் வசதி. பறந்துபோய் இன்னொரு பழத்தில் முளைக்கும் பயம் இல்லை. வேலை முடிந்ததும் பையை எடுத்துவிட்டால் ஆவியும் கலைந்துவிடும்.

ஓசோன் படலத்தைக் கெடுக்கும் மெத்தில் புரோமைடைப் பணக்கார நாடுகள் 2005க்குள் கைவிட வேண்டும் என்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கெடு வைத்திருந்த நேரம் அது. மாற்றுப் புகைமூட்டத்துக்கு நல்ல கிராக்கி. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் இயங்கிய அக்ராகுவெஸ்ட் என்ற நிறுவனம் மஸ்கோடாரின் ஒரு ரகத்துக்கு உரிமம் பெற்றது. 2005 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை உயிரியல் பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்தது. உணவில் எஞ்சும் அளவுக்கு உச்சவரம்பு வைக்கத் தேவையில்லை என்று விலக்கும் கொடுத்தது. ஆவியில் அதுவரை அறியப்பட்ட சேர்மங்களில் பல, உணவு வாசனைப் பொருள்களாக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. ஆகவே அன்றைய அறிவுக்கு அந்த முடிவு நியாயமாகவே பட்டிருக்கும்.

ஆனாலும் அந்தச் சரக்கு சந்தையில் ஊன்றவில்லை. 2012இல் அக்ராகுவெஸ்டை பேயர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இன்று திராட்சைப் பெட்டியைத் திறந்தால் கந்தகத் தாள்தான் இருக்கிறது. மஸ்கோடார் பையைக் காணோம். இதன் தொழில்நுட்பச் சங்கடத்தை ஆய்வுக் கட்டுரைகளே சொல்கின்றன. இந்தப் பூஞ்சை வெப்பமண்டலத்துப் பிள்ளை. 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் உற்சாகமாக ஆவி விடும்; குளிரக் குளிர மந்தமாகும். திராட்சையையும் ஆப்பிளையும் வைப்பதோ பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிர் அறையில். அறுவடையான பழத்துக்கு எவ்வளவு குளிர் நல்லதோ, காவல்காரனுக்கு அவ்வளவு குளிர் ஆகாது. உயிருள்ள சரக்கை மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் வைத்திருப்பதும், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே அளவு ஆவி கிடைக்கச் செய்வதும் தூள் மருந்தை அளந்து போடுவது போன்ற காரியமல்ல.

மகனின் ஆய்வகம் கண்ட விஷம்

இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் இதற்குப் பிறகுதான் வருகிறது. கேரி ஸ்ட்ரோபெலின் மகன் ஸ்காட் ஸ்ட்ரோபெல், யேல் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர். 28 சேர்மங்களும் இவ்வளவு சாதுவானவை என்றால், அவை சேர்ந்து கொல்வது எப்படி? இந்தக் கேள்வியை அவருடைய குழு எடுத்துக்கொண்டது. 2015இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: மஸ்கோடாரின் ஆவி பாக்டீரியாவின் டிஎன்ஏவைச் சிதைக்கிறது. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் நீக்கப்பட்ட ஈ.கோலை பாக்டீரியாக்கள் இந்த ஆவிக்கு மற்றவற்றைவிட வெகு எளிதாக மடிந்தன. அதுவரை பட்டியலில் இருந்த வாசனைச் சேர்மங்களைக் கொண்டு இதை விளக்க முடியவில்லை.

2017இல் விடை கிடைத்தது. ஆவியில் இன்னொரு சேர்மம் ஒளிந்திருந்தது: என்-மெத்தில்-என்-நைட்ரோசோஐசோபியூட்டிரமைடு. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் குலம் தெரிந்ததுதான். டிஎன்ஏவில் மெத்தில் தொகுதியைக் கொண்டுபோய் ஒட்டவைக்கும் நைட்ரோசோ சேர்மங்களின் குலம் அது. ஆய்வகங்களில் எலிகளுக்குப் புற்றுநோயை வேண்டுமென்றே வரவழைக்கப் பயன்படுத்தும் வேதிப்பொருள்கள் சில இதே குலத்தைச் சேர்ந்தவை.

இதை வைத்துக்கொண்டு மஸ்கோடார் பட்ட பழம் விஷம் என்று கூவினால் அது மறுமுனை அசட்டுத்தனம். ஆவியில் இருப்பது வேறு, பழத்தில் தங்குவது வேறு, உண்பவர் உடலில் சேர்வது வேறு. எவ்வளவு, எத்தனை நேரம், எந்த வழியாக என்ற மூன்றையும் அளந்துதான் ஆபத்தைச் சொல்ல முடியும். பழம் தின்பவரைவிட, மூடிய அறைக்குள் நாள்தோறும் போய்வரும் கிடங்குத் தொழிலாளியின் மூச்சுதான் முதலில் கவலைப்பட வேண்டிய விஷயம். ஆனால் ஒன்றை மறைக்க முடியாது. பதிவு கிடைத்தது 2005இல். ஆவியின் ஆற்றல்மிக்க சேர்மம் அடையாளம் காணப்பட்டது 2017இல். இடையில் 12 ஆண்டுகள். அந்தச் சரக்கு வணிகத்தில் வெற்றி பெற்றிருந்தால், அந்த 12 ஆண்டுகளும் உலகத்தின் திராட்சைப் பெட்டிகளில் அது இருந்திருக்கும். நம்மைக் காப்பாற்றியது முன்யோசனை அல்ல, சந்தையின் மந்தம்.

தவறு எங்கே நடந்தது? சேர்மங்களைப் பட்டியலிட்டவர்கள் கண்ணில் பட்டதை நேர்மையாகத்தான் எழுதினார்கள். ஆவியைப் பிரிக்கும் கருவி எதற்குத் தயாராக இருக்கிறதோ அதைத்தான் காட்டும்; எளிதில் சிதையும் சேர்மங்களும் மிகக் குறைந்த அளவில் இருப்பவையும் நழுவிவிடும். ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டிருக்கலாம். ‘இதில் என்னென்ன இருக்கிறது’ என்று கேட்டதோடு, ‘இது எப்படிக் கொல்கிறது’ என்றும் பதிவுக்கு முன்பே கேட்டிருந்தால், டிஎன்ஏ சிதைவு முன்னதாகவே வெளிப்பட்டிருக்கும். ஒரு பொருள் பூஞ்சை, பாக்டீரியா, பூச்சி என்று மூன்று வகை உயிர்களையும் ஒருசேரத் தாக்கும்போது, அது எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் கை வைக்கிறது என்று ஐயுறுவதுதான் அறிவு. டிஎன்ஏ அப்படிப்பட்ட பொதுச் சொத்து.

இயற்கை என்ற சொல்லுக்கு நாம் தரும் சலுகை இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது. செயற்கை மருந்து என்றால் ஆயிரம் பக்க ஆவணம் கேட்கும் மனம், மரத்திலிருந்து வந்தது என்றதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. நிலக்கடலையில் புகும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சினும் இயற்கையானதுதான். ஈரலில் புற்றுநோயை உண்டாக்குவதில் அது பெயர்பெற்றது. ஆப்பிளின் நீலப் பூசணம் சுரக்கும் பாட்டுலினும் இயற்கையானதுதான். மரத்துக்குள் வாழும் பூஞ்சை ஆவி விடுவது மனிதனின் பழக்கூடையைக் காப்பதற்காக அல்ல. போட்டிக்கு வரும் நுண்ணுயிர்களை ஒழிக்க. அது போர்க்கருவி. அதை வீட்டுக்குள் கொண்டுவரும்போது போர்க்கருவிக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே தீர வேண்டும்.

கைவிட வேண்டியதில்லை

அதற்காகப் பூஞ்சை ஆவி என்ற யோசனையையே மூட்டை கட்டிப் பரண்மேல் போடுவதும் சரியல்ல. மஸ்கோடார் ஒரே ஒரு பூஞ்சை. டிரைக்கோடெர்மா பூஞ்சைகள் தேங்காய் வாசம் கொண்ட ஒரு சேர்மத்தை விடுகின்றன. மற்றப் பூஞ்சைகளை அது ஒடுக்குகிறது. பழத்தோலின் மேலேயே வாழும் ஈஸ்ட் வகைகள் சிலவும் தம் ஆவியால் பூசணத்தை அடக்குகின்றன. இவற்றின் ஆவியை எந்தச் சேர்மத்தால், எந்த வழியில் கொல்கிறது என்ற கேள்வியோடு ஆராய்ந்தால் பயனுள்ளவை தேறும்.

இன்னொரு வழியும் உண்டு. பூஞ்சையையே பெட்டிக்குள் வைப்பதற்குப் பதில், அதன் ஆவியிலிருந்து பாதுகாப்பு உறுதியான சேர்மங்களை மட்டும் தேர்ந்து, அளந்து கலந்து தருவது. ஸ்ட்ரோபெல் குழு 2001இலேயே செயற்கையாக ஒரு கலவை செய்து பார்த்தது. பூஞ்சையின் விளைவைப் பெருமளவு அது ஒத்திருந்தது. இப்படிச் செய்தால் அளவு நம் கையில் இருக்கும், குளிர் அறையின் மந்தமும் தடையாகாது, நைட்ரோசோ சேர்மமும் இருக்காது. நைட்ரோசோ சேர்மம் இல்லாமல் கொல்லும் வேகம் குறையலாம். அந்தக் குறைவைச் சோதித்து ஏற்றுக்கொள்வதுதான் கொடுக்க வேண்டிய விலை. ‘இயற்கைப் பூஞ்சை’ என்ற கவர்ச்சிகரமான முத்திரை போய் ‘கலவை மருந்து’ என்றாகிவிடுமே என்று விற்பவருக்கு வருத்தமாக இருக்கலாம். உண்பவருக்கு அதில் நஷ்டமில்லை.

ஆவியால் பழம் காப்பது நம்மூருக்கும் புதிதல்ல. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தோடும் இலங்கையின் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தோடும் சேர்ந்து 2012 முதல் ஹெக்சனால் என்ற சேர்மத்தில் வேலை செய்திருக்கிறது. புல்லை வெட்டும்போது எழும் பச்சை வாசத்தில் உள்ள பொருள் அது. செடி காயம்படும்போது விடுவது. பழத்தின் செல் சவ்வைச் சிதைக்கத் தொடங்கும் நொதியை அடக்கி, மாம்பழம் தளர்வதைத் தள்ளிப்போடுகிறது. இது பூஞ்சை ஆவி அல்ல, செடியின் ஆவி. ஆனால் பாதை சரியானது: ஒரே சேர்மம், அது செய்யும் வேலை தெரியும், அளவு தெரியும்.

மஸ்கோடார் குடும்பமும் நமக்கு அண்டை வீட்டில்தான் இருக்கிறது. பாட்டியாலாவின் தாப்பர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் மஸ்கோடார் கஷாயம் என்ற புதிய இனத்தை விவரித்தார்கள். அது கிடைத்தது முதுமலையை ஒட்டிய வயநாடு வனவிலங்குச் சரணாலயத்தின் வில்வ மரம் ஒன்றில். மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களுக்குள் இன்னும் எத்தனை இருக்கின்றனவோ, அவற்றில் எது வணிகத்துக்கு வரப்போகிறதோ தெரியாது. அந்த நாளுக்கு முன்பே விதிகளை எழுதிவைப்பது நல்லது.

வாயுவை மேலாண்மை செய்வதில் நமக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் உண்டு. கார்பைடு கல் வைத்து மாம்பழம் பழுக்கவைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்தன. கல்லோடு ஒட்டிவரும் ஆர்செனிக்கும் பாஸ்பரஸும் காரணம். வியாபாரிகளுக்கு மாற்று வழி காட்டாமல் சோதனை போட்டுப் பழத்தைக் கொட்டி அழித்துக்கொண்டிருந்த காலம் நீண்டது. 2016இல் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்தலாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. எத்திலீன் பழமே விடும் வாயு. இயற்கையானதுதானே என்று அதை அளவில்லாமல் விட்டுவிடவில்லை. உச்சவரம்பு வைத்தார்கள், செய்முறை வகுத்தார்கள். பூஞ்சை ஆவிக்கும் அதே அணுகுமுறைதான் வேண்டும்.

சொல்லப்போனால், பழுக்கவைக்கும் அறைகள் இந்தச் சோதனைக்கு ஏற்ற இடம். காற்றுப்புகாத கதவு, வெப்பக் கட்டுப்பாடு, வாயு அளக்கும் கருவி எல்லாம் அங்கே இருக்கின்றன. வாழைத்தார் பழுக்கும் அறையின் வெப்பம், திராட்சைக் கிடங்கின் குளிர்போல ஆவியை முடக்காது. வாழையின் ஆந்த்ராக்னோஸை ஆவியால் அடக்க முடியுமா, பழுக்கும் வேகத்தையும் மணத்தையும் அது கெடுக்குமா என்று பார்க்க திருச்சியின் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தஞ்சாவூரின் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. நச்சியல் பக்கத்தைப் பார்க்க மைசூருவின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகமும் லக்னோவின் நச்சியல் ஆய்வகமும் இருக்கின்றன. ஆள் இல்லை, கருவி இல்லை என்று சொல்வதற்கு இல்லை.

யார் செய்வது என்பதுதான் கேள்வி. தன் சரக்கு எப்படிக் கொல்கிறது என்று ஆழமாகத் தோண்டுவதில் எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை. தோண்டினால் வெளிவருவது தனக்கே எதிராகலாம். மஸ்கோடாரில் உண்மையை வெளிக்கொணர்ந்தது ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே இந்த வேலைக்கு அரசுப் பணம் வேண்டும். மத்தியப் பூச்சிக்கொல்லிப் பதிவுக் குழு, ஆவியாக வேலை செய்யும் உயிரியல் பொருள்களுக்குத் தனி நிபந்தனைகள் வகுக்க வேண்டும். டிஎன்ஏவைச் சிதைக்கிறதா என்ற சோதனை கட்டாயமாக வேண்டும். ஆவியின் சேர்மப் பட்டியலோடு, அது கொல்லும் வழிக்கும் ஆதாரம் கேட்க வேண்டும். அறைக்குள் வேலை செய்பவர் சுவாசிக்கும் காற்றையும், வெளியே வந்த பழத்தின் தோலையும் சதையையும் அளந்து காட்டச் சொல்ல வேண்டும். பதிவு கொடுத்த பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய ஆய்வுகளை வைத்து மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

சிறு விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் இதில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எந்த ஆவியும் நசுங்கிய தக்காளியை மீட்டுத் தராது. காம்பு ஒடியாமல் பறிப்பது, சாக்கை விட்டுப் பிளாஸ்டிக் கிரேடுக்கு மாறுவது, வெயில் ஏறுமுன் ஏற்றுவது, அழுகிய பழத்தை அன்றன்றே பொறுக்கி எடுப்பது ஆகியவை செய்யும் வேலையை எந்தப் பூஞ்சையும் செய்யாது. புளிப்பழுகல் சோதனையே இதைச் சொல்கிறது: தொற்று ஏறியபின் தாமதித்துக் கொடுத்த ஆவியால் பயனில்லை. கிரேடுக்கும் நிழற்கூடத்துக்கும் மானியம் தராத அரசு, அதிசயப் பைக்கு மானியம் தந்தால் அது கண்துடைப்பு.

அழுகலை வெல்ல நமக்குப் புதிய ஆயுதங்கள் தேவைதான். பழைய பூஞ்சைக்கொல்லிகள் மழுங்கி வருகின்றன, கந்தகத் தாளுக்கு எல்லை இருக்கிறது, நுகர்வோர் எச்சமில்லாப் பழம் கேட்கிறார்கள். அந்த இடத்தைப் பூஞ்சை ஆவிகளில் ஏதோ ஒன்று நாளை நிரப்பலாம். அது வரும்போது அதன் உறையில் ‘இயற்கையானது’ என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு அனுமதி கொடுக்கக் கூடாது. எப்படி வேலை செய்கிறது, யார் அளந்தார்கள், எவ்வளவு வரை பாதுகாப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதப்பட்டிருந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். செயற்கை மருந்திடம் கேட்கும் அந்த மூன்று கேள்விகளை இயற்கையிடமும் கேட்பதற்கு நமக்குக் கூச்சம் தேவையில்லை.